பணம் கொடுத்து இ-பாஸ் வாங்காதீர்கள்: எங்களுக்கு நடந்தது இதுதான்

(கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஆகஸ்ட் 4 அன்று எழுதியது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அரசு அப்போது இணையத்தில் கொடுத்த அனுமதிதான் இ-பாஸ். அந்தக் கொரோனா கால முறை இப்போது இல்லை.) நேற்று, ஆகஸ்ட் 3-ஆம் தேதியோடு, எங்கள் 14 நாள் கொரோனா தனிமை முடிந்தது. வாசலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகராட்சிப் பணியாளர் வந்து கிழித்துவிட்டுப் போனார். முதல் வேலையாக இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து வெளி மாவட்டத்துக்கு அவசரமாகப் போக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இ-பாஸுக்கு என்று யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது இலவசம். விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால், அவர் தருவது உங்கள் பாஸாக இருக்காது.

ஜூலை 15, புதன்கிழமை காலையில் கோவில்பட்டியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். 71 வயது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, திங்கட்கிழமை ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், வர வழியில்லை. நான்தான் போயாக வேண்டும்.

அன்றைக்கே அரசுத் தளத்தில் விண்ணப்பித்தேன். போன் எண் கொடுத்து, ஓடிபி போட்டு, என் பெயர், கணவர் பெயர், வண்டி எண், மருத்துவ அவசரம் என்ற காரணம், டாக்டர் கடிதம் எல்லாம் ஏற்றினேன். வியாழக்கிழமை மதியம் நிராகரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி போட்டேன். இரண்டு மணி நேரத்தில் அதே பதில். போதிய ஆவணம் இல்லை என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தது. எந்த ஆவணம் என்று இல்லை.

ஜூலை மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வில்லாத ஊரடங்கு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை கிளம்பாவிட்டால் ஆபரேஷனுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. அந்தப் பதற்றத்தில்தான் எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். "வெளியூர் பயணம், பாஸ் எங்கள் பொறுப்பு" என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "நீங்க போட்டா கிடைக்காது மேடம், உள்ள நமக்கு ஆள் இருக்கு. ஆளுக்கு 2,000. மதுரை தாண்டிட்டா யாரும் பாக்கவே மாட்டாங்க, மண்டலத்துக்குள்ள பாஸே வேண்டாம்" என்றார்.

மண்டலம் என்று அவர் சொன்னது ஜூன் மாதத்துக் கதை. ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்குள் பாஸ் இல்லாமல் போகலாம் என்று இருந்தது உண்மை. ஜூன் 25 முதல் அது இல்லை. மாவட்ட எல்லை தாண்டினாலே பாஸ் வேண்டும். இது எனக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. விதி வாரத்துக்கு ஒரு முறை மாறும்போது, பழைய விதியைத் தெளிவாகச் சொல்பவர் விஷயம் தெரிந்தவராகவே தெரிகிறார்.

கார் வாடகை 14,000, பாஸுக்கு 4,000. மொத்தத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. அரசு முத்திரை, எங்கள் இருவர் பெயர், டிரைவர் பெயர், வண்டி எண், தேதி, மூலையில் க்யூஆர் கோடு. எல்லாம் சரியாக இருந்தது. கும்பிட்டு நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பரனூர் சுங்கச்சாவடியில் நிறுத்தினார்கள், போனில் பாஸைக் காட்டினோம், போகச் சொன்னார்கள். விழுப்புரம், திருச்சி, மதுரை எல்லா இடத்திலும் அப்படித்தான். எங்கும் கண்ணால் பார்த்தார்களே தவிர, யாரும் ஸ்கேன் செய்யவில்லை. சாத்தூர் தாண்டி தூத்துக்குடி மாவட்ட எல்லையில் ஒரு இளம் போலீஸ்காரர் தன் போனை எடுத்து அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "ஏம்மா, இதுல வேற பேரு வருது."

அதில் வந்தது ஒரு பெரியவரின் பெயர். ஜூன் கடைசியில் தாம்பரத்திலிருந்து விருதுநகருக்கு ஒரு இறப்புக்காகப் போக அவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அவருடைய பாஸை எடுத்து, பெயரையும் தேதியையும் வண்டி எண்ணையும் மாற்றி எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். க்யூஆர் கோடை மட்டும் மாற்றவில்லை, அது அப்படியே இருந்தது. வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரப் பயணம்தான்.

காரை ஓரமாக விடச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வந்து இந்திய தண்டனைச் சட்டம் 188, 471 என்று சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. 188 என்பது அரசு உத்தரவை மீறியதற்கு. 471 என்பது போலி ஆவணத்தைப் போலி என்று தெரிந்தே உண்மையானது போலப் பயன்படுத்தியதற்கு. எங்களைக் காப்பாற்றியது ஜிபே ரசீதும், நான் அழிக்காமல் வைத்திருந்த அந்த இரண்டு நிராகரிப்புக் குறுஞ்செய்திகளும்தான். முறையாக முயன்றிருக்கிறோம், ஏமாந்திருக்கிறோம் என்று அதில் தெரிந்தது. எழுதி வாங்கிக்கொண்டு வழக்கில்லாமல் விட்டார்கள். டிரைவர் தம்பிக்கு 23 வயது இருக்கும். "ஓனர் குடுத்தாருக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுதுகொண்டே நின்றான். கார் நான்கு நாள் ஸ்டேஷனில் நின்றது. முதலாளி அவன் போனைக்கூட எடுக்கவில்லை.

எங்கள் மூன்று பேருக்கும் அங்கேயே மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை, முகாமாக மாற்றியிருந்த ஒரு கல்லூரி விடுதியில் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி மாடி. சாப்பாடு, கபசுரக் குடிநீர் எல்லாம் நேரத்துக்குக் கிடைத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஞாயிறு முழுக்க அங்கேதான். திங்கட்கிழமை காலையில் அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது அம்மாவும் எதிர்வீட்டு அண்ணனும் மட்டும் இருந்தார்கள். அன்று மாலையில்தான் எங்களுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது.

அந்த இரண்டு இரவும் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. எனக்குத் தொற்று இருந்திருந்தால்? அந்தச் சாவடியையும் தாண்டிப் போயிருந்தால், பதிவில் எங்கள் பயணமே இருந்திருக்காது. சென்னையிலிருந்து இன்ன தேதியில் இன்னார் வந்திருக்கிறார், வீட்டில் போய்ப் பாருங்கள் என்று ஊர் சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் போவதற்கு அந்தப் பதிவு வேண்டும். நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், 71 வயது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 4,000 ரூபாய் போனதைவிட எனக்கு இதுதான் நெஞ்சில் கனக்கிறது.

முகாமில் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒரு பெண்ணிடம், ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு என் ஆதாரில் கணவர் பெயர்தான் இருக்கிறது. டாக்டர் கடிதமோ அப்பா பெயரில் இருக்கிறது. நான் அவர் மகள் என்று காட்ட அதில் எதுவும் இல்லை. அப்பா பெயர் இருக்கும் என் பள்ளி டி.சி.யையும் சேர்த்து ஏற்றியிருக்க வேண்டும் என்றார். கடிதத்தில் மருத்துவமனை முத்திரையும் தேதியும் தெளிவாகத் தெரியவில்லை, போட்டோ மங்கல் என்றும் சொன்னார். கல்யாணமான பெண்கள் பெற்றோரைப் பார்க்கப் போகும்போது இது நிறையப் பேருக்கு நடக்கும் என்று நினைக்கிறேன். உறவைக் காட்டும் ஒரு ஆவணத்தைக் கட்டாயம் சேருங்கள். நிராகரித்தால் எதை மாற்றலாம் என்று பார்த்து மறுபடி போடுங்கள். நான் இரண்டாவது முறையும் அதே படங்களைத்தான் ஏற்றினேன்.

இன்னொன்று, விண்ணப்பிக்கும்போது உங்கள் போன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். உங்கள் போனுக்கு ஓடிபியும் வரவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை, ஆனால் பாஸ் மட்டும் வேறொருவர் வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறது என்றால் அதோடு கிளம்பாதீர்கள். இடைத்தரகர் சொல்வதுபோல உள்ளே ஆள் இருந்தாலும் அது பாதுகாப்பில்லை. பணம் வாங்கிக்கொண்டு பாஸ் கொடுத்ததாகச் சென்னையில் அரசு ஊழியர்கள் உட்படச் சிலர் கைதான செய்தி ஏற்கெனவே வந்ததுதான்.

முகாமிலிருந்து வந்த பிறகும் 14 நாள் வீட்டுத் தனிமை என்றார்கள். தொற்று இல்லை என்று வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு என்று என் கணவர் கேட்டார். தொற்றின ஓரிரு நாளில் எடுத்தால் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அறிகுறி 14 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று விளக்கினார்கள். சரி என்று எதிர்வீட்டு அண்ணனின் மாடி அறையில் தங்கினோம். வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலை ஜன்னலோரமாகப் போடச் சொன்னேன். மாடியிலிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியும். "வந்துட்டியா தாயி" என்று தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். பத்து நாளைக்கு மேல் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

டிராவல்ஸ்காரர் மேல் புகார் கொடுத்திருக்கிறோம். அவர் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போன என் தோழி, சுவரில் போஸ்டர் இன்னும் இருக்கிறது, எண் மட்டும் புதிது என்றாள்.

ஜூன் கடைசியில் தாம்பரம் பக்கத்திலிருந்து விருதுநகருக்கு ஒரு இறப்புக்குப் போய்வந்தவர்கள் இதைப் படித்தால், அல்லது அப்படி ஒரு பெரியவரை உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: உங்கள் பாஸ் விற்கப்படுகிறது. அதை யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று யோசித்துப் பார்த்து, பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு முன்னால் அதில் எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.