டிலன் கிடப்பில் போட்ட நியூயார்க் பதிவு: 'மோர் பிளட், மோர் ட்ராக்ஸ்' வாங்கலாமா?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'பிளட் ஆன் த ட்ராக்ஸ்' ஆல்பத்தை வரிக்கு வரி மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். அந்த ஆல்பத்தையே இன்னும் கேட்காதவர்கள் முதலில் அதைக் கேட்டு முடியுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள். ஏனென்றால் இது தனியாக நிற்கிற தட்டு இல்லை. பாடி முடித்து, டெஸ்ட் பிரெஸ்ஸிங் (விற்பனைக்கு முன் சோதனைக்காக அடிக்கிற தட்டு) வரைக்கும் போய், அட்டையும் அச்சடித்த பிறகு பாதிப் பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு ஊரில் போய் மறுபடி பாடின ஒரு ஆல்பத்தின் முதல் உருவம் இது. எதை மாற்றினார் என்று தெரிந்திருந்தால்தான் இதில் உள்ள ருசி பிடிபடும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 செப்டம்பரில் டிலன் நியூயார்க்கில் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவுக்குள் போகிறார். அவருடைய ஆரம்பகால ஆல்பங்கள் பதிவான அதே பழைய கொலம்பியா ஸ்டுடியோ இடம்தான், அப்போது கை மாறியிருந்தது. இன்ஜினியர் ஃபில் ரமோன். எரிக் வைஸ்பெர்க்கும் அவருடைய டெலிவரன்ஸ் குழுவும் வாசிக்க வருகிறார்கள், ஆனால் டிலன் கார்ட் என்னவென்று சொல்வதில்லை, கிட்டாரை ஓப்பன் ட்யூனிங்கில் (விரல் வைக்காமல் தட்டினாலே ஒரு கார்ட் ஒலிக்கிற சுதியில்) வைத்திருப்பதால் அவர் விரலைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ஒரு பாட்டு முடிந்த கையோடு அடுத்ததற்குத் தாவிவிடுவார். முதல் நாளோடு குழுவில் பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டார். பேஸ் வாசித்த டோனி பிரவுன் மட்டும் தங்கினார். அதன் பிறகு பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா, ஒரு பேஸ், அவ்வளவுதான். நான்கு நாட்களில் வேலை முடிந்துவிட்டது.

டிசம்பரில் மினசோட்டாவில் தம்பி டேவிட் ஸிம்மர்மேனுக்குப் போட்டுக் காட்டினார். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, விற்காது என்பது தம்பியின் எண்ணம். உடனே அந்த ஊர் வாசிப்பாளர்களைத் திரட்டி, மினியாபோலிஸில் சவுண்ட் 80 ஸ்டுடியோவில் டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் ஐந்து பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். 1975 ஜனவரியில் வெளிவந்த ஆல்பத்தில் ஐந்து பாட்டு நியூயார்க், ஐந்து பாட்டு மினியாபோலிஸ். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் மினியாபோலிஸில் வாசித்த யாருடைய பெயரும் அதில் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. டிரம்ஸ் வாசித்த பில் பெர்க், பேஸ் வாசித்த பில்லி பீட்டர்சன், கிட்டார் வாசித்த கெவின் ஓடகார்ட், கிறிஸ் வெபர், கீபோர்டில் கிரெக் இன்ஹோஃபர், இவர்கள் இல்லாமல் 'டேங்கிள்ட் அப் இன் ப்ளூ' நமக்குத் தெரிந்த 'டேங்கிள்ட் அப் இன் ப்ளூ' கிடையாது.

சரி, 2018 நவம்பரில் வந்த இந்த வெளியீட்டுக்கு வருவோம். வெளிவராத டிலன் பதிவுகளைத் தொகுத்து வெளியிடுகிற பூட்லெக் வரிசையில் 14ஆவது. ஒரு சிடியாக (எல்பி என்றால் இரண்டு தட்டு) ஒரு பதிப்பு, ஆறு சிடி பெட்டியாக இன்னொரு பதிப்பு. நான் வாங்கியது ஒரு சிடி, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது அந்த டெஸ்ட் பிரெஸ்ஸிங்கின் நகல் அல்ல. நியூயார்க்கில் பதிவான டேக்குகளில் (ஒரு பாட்டை ஒவ்வொரு தடவை பாடிப் பதிவு செய்ததும் ஒரு டேக்) இருந்து ஆல்பத்தின் பத்துப் பாட்டுக்கும் ஒவ்வொரு டேக்கைத் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தில் சேராமல் போன 'அப் டு மீ' பாட்டையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். வரிசையும் வேறு. டெஸ்ட் பிரெஸ்ஸிங்கையே அப்படியே கேட்க வேண்டும் என்றால் 2019 ரெக்கார்ட் ஸ்டோர் டேவுக்கு (தட்டுக் கடைகள் கொண்டாடுகிற நாள்) அளவாக அடித்த எல்பி ஒன்று உண்டு. அதைத் தேடிப் போனால் சேகரிப்பாளர்கள் சொல்கிற விலைதான்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். அதனால் எனக்கு முதலில் காதில் விழுந்தது சுதி. பழைய ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ட்யூனர் வைத்துச் சரியாகச் சுதி சேர்த்திருந்தாலும் நியூயார்க் பாட்டுகளில் சிலது கொஞ்சம் மேலே நிற்கும், அரை சுரம்கூட இருக்காது, ஆனால் உறுத்தும். காரணம், டிலன் கேட்டு ரமோன் பல டேப்புகளின் வேகத்தை 2 முதல் 3 சதவீதம் கூட்டியிருந்தார். ரேடியோவில் பாட்டு கொஞ்சம் துடிப்பாகக் கேட்கட்டும் என்று அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலைதான் அது. இந்த வெளியீட்டில் வேகத்தைக் கூட்டாமல், அவர் வாசித்தபடியே வைத்திருக்கிறார்கள். 'சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்' போட்டுக் கேளுங்கள். குரல் இறங்கி, கனத்து, அந்த ஆள் முப்பத்து மூன்று வயதில் உண்மையாகவே எப்படிப் பாடினாரோ அப்படி நிற்கிறது. எதிரொலியையும் வழித்து எடுத்துவிட்டார்கள். சில டேக்குகளில் அவருடைய சட்டை பட்டனோ நகமோ கிட்டார் பலகையில் பட்டு டிக் டிக் என்று தட்டுவதுகூடக் கேட்கிறது. வேறு யாராவது இருந்தால் அந்தச் சத்தத்துக்காகவே டேக்கைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

'இஃப் யூ ஸீ ஹெர், ஸே ஹலோ' இந்த சிடியின் உச்சம். முதல் நாள், முதல் டேக், கிட்டாரும் ஆளும் மட்டும். மினியாபோலிஸ் பதிவில் மாண்டலினும் பன்னிரண்டு தந்திக் கிட்டாரும் சேர்ந்து அழகாக ஜொலிக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரிந்து போன பெண்ணைப் பற்றி மூன்றாவது ஆளிடம் விசாரிக்கிற பாட்டு இது, அதற்கு அவ்வளவு ஜொலிப்பு எதற்கு? பழைய வரிகளில் டிலன் இன்னும் நேராகவும் கசப்பாகவும் பேசுகிறார், பின்னால் அதை மழுப்பிவிட்டார். இதில் அவர் செய்த மாற்றம் தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

'இடியட் விண்ட்' இன்னும் சிக்கலானது. நமக்குப் பழகிய பதிவில் ஆள் கத்துகிறார், ஒவ்வொரு சொல்லையும் எதிரில் இருப்பவர் முகத்தில் எறிகிறார். நியூயார்க்கில் அதே பாட்டைக் குரல் உயர்த்தாமல், தளர்ந்துபோய்ப் பாடியிருக்கிறார். ஐ சிங் என்கிற சீனக் குறி நூலைப் பார்த்துக் குறி கேட்டதாக ஒரு வரி அதில் உண்டு, பிறகு எடுத்துவிட்டார். நம்மூரில் ராத்திரி வீட்டு ஜெபத்தில் ஒரு பெரியவர் தனியாக எடுத்துப் பாடுகிற கீர்த்தனையையே ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு, பேட், நாற்பது குரல் என்று கோயிலில் கேட்டால் எவ்வளவு வேறாக இருக்குமோ அவ்வளவு வேறாக இருக்கின்றன இந்த இரண்டும். எனக்கு நியூயார்க் பதிவுதான் அதிகம் வலிக்கிறது. கோபத்தில் திட்டுகிறவனை விட்டு நாம் தள்ளி நிற்கலாம், இப்படித் தாழ்ந்த குரலில் பேசுகிறவனை விட்டு எங்கே தள்ளிப் போவது?

இதைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். "மக்கா, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அவன் தம்பி சொன்னது சரிதான் பாத்துக்க. பதினோரு பாட்டும் ஒரே கலர்ல இருக்கு" என்றார். இதை என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை. ஓப்பன் இ ட்யூனிங்கில் ஒரே மாதிரியான கை, ஒரே மாதிரியான பேஸ், நடுவில் டிரம்ஸே கிடையாது. 'லில்லி, ரோஸ்மேரி அண்ட் த ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்' வரும்போது நிஜமாகவே சோர்வு தட்டுகிறது. அது ஒரு நீளமான கதைப்பாட்டு, கொள்ளை, சூதாட்டம், கொலை என்று ஓட வேண்டியது, இங்கே தனிக் கிட்டாரில் நடந்துபோகிறது. மினியாபோலிஸ் குழு அதற்குக் கால் கொடுத்தது. 'டேங்கிள்ட் அப் இன் ப்ளூ'வும் அப்படித்தான். நியூயார்க்கில் கதையை 'அவன்' என்றுதான் தொடங்குகிறார், யாரோ ஒருவனுக்கு நடந்ததுபோல. மினியாபோலிஸில் அதை 'நான்' என்று மாற்றி, சுதியையும் ஜி-யில் இருந்து ஏ-க்கு ஏற்றினார்கள், ஏற்றச் சொன்னது ஓடகார்ட். மேல் சுரத்துக்கு எட்டிப் பிடித்துப் பாட வேண்டி வந்ததால்தான் அந்தப் பாட்டுக்கு அந்த உயிர். இந்த இரண்டு பாட்டிலும் டிலன் மாற்றியது நூற்றுக்கு நூறு சரி.

ஆக மாற்றிய ஐந்தில் என் கணக்கில் இரண்டு லாபம், இரண்டு நஷ்டம். 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' மட்டும் எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை, ஒரு நாள் இது பிடிக்கிறது, மறுநாள் அது. 'அப் டு மீ' ஆல்பத்தில் இடம் பெறாமல் போனதற்கு 'ஷெல்டர் ஃப்ரம் த ஸ்டார்ம்' பாட்டோடு அதன் மெட்டு ஒட்டி நிற்பதுதான் காரணமாக இருக்கும் என்று கேட்கும்போதே தோன்றும். 1985இல் 'பயோகிராஃப்' தொகுப்பில் ஒரு பதிவு வந்தது. இங்கே இருப்பது வேறு டேக், அதைவிடக் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பாடுகிறார், எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது.

வாங்குகிற விஷயம். நாகர்கோவிலில் கடையில் போய் எடுக்கிற பொருள் இல்லை இது, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். எனக்கு வந்த பார்சலில் சிடி பெட்டியின் கீல் உடைந்திருந்தது, விற்றவர் மாற்றித் தரவில்லை, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விட்டுவிட்டேன். எல்பி ஆசை இருப்பவர்கள் நம்ம மாவட்டத்து ஈரத்தை யோசித்து வாங்குங்கள், தென்மேற்கும் அடித்து வடகிழக்கும் அடிக்கிற ஊரில் அட்டையில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது தனி வேலை. ஆறு சிடி பெட்டி நியூயார்க்கில் நடந்தது எல்லாவற்றையும் நாள்வாரியாகக் கொடுக்கிறது. ஒரே பாட்டு ஐந்து தடவை, ஆறு தடவை எப்படி உருமாறுகிறது என்று உட்கார்ந்து கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அது பொக்கிஷம். மினியாபோலிஸ் பக்கத்தில் இறுதியாக எடுத்த ஐந்து டேக்குகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன, அங்கே கழித்துப் போட்டவை எதுவும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரு சிடி போதும், ஸ்ட்ரீமிங்கிலும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கிட்டார் வாசிப்பவர்கள் தந்திகளை ஓப்பன் இ-க்கு இழுப்பதற்குப் பதிலாக ஓப்பன் டி-க்கு இறக்கி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு வாசித்துப் பாருங்கள், தந்தி அறாது, டிலனோடு சுதியும் சேரும்.