175 டாலர் போச்சு: "அட்டாக் ஹெட், புதுசு" என்று சொல்லித் தலையில் கட்டிய பழைய லாக்ராஸ் ஹெட்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். 175 டாலர். லாக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய கட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் விளையாட்டு; அந்தக் கட்டையின் நுனியில் வலை கட்டும் பிளாஸ்டிக் சட்டம்தான் ஹெட். அதைத் தம்பிக்கு வாங்கக் கொடுத்த காசு. வந்தது புதுசும் இல்லை, அட்டாக் (எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் நின்று கோல் போடும் இடம்) ஆடுகிறவர்களுக்கு ஏற்றதும் இல்லை, மேட்ச்சில் கையில் எடுக்கவே அனுமதி இல்லாத சாமான். விற்ற ஆள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். வாங்கிய ஆப்பும் கையை விரித்துவிட்டது.

இங்கே அமெரிக்காவில் பிள்ளைகளை லாக்ராஸில் விட்டிருக்கும் நம்மவர்கள் சிலரை எனக்கே தெரியும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இருக்கிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும். அட்டாக் ஹெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தம்பி கல்லூரி கிளப் அணியில் ஆடுகிறான். இதுவரை மிட்ஃபீல்ட், இந்த சீசனில் அட்டாக்குக்கு மாற்றிவிட்டார்கள். "அக்கா, பழைய ஹெட்டை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியலை, அகலமா இருக்கு, திரும்பி ஓடும்போது பந்து உள்ளேயே ஆடுது" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. டிஃபென்ஸ் ஆடுகிறவர்களுக்கு அகலமான, விறைப்பான ஹெட் வேண்டும். எதிராளியின் பாஸைத் தடுக்க வேண்டும், கட்டையால் தட்டினால் வளையக்கூடாது. ஃபேஸ்ஆஃப் (ஆட்டம் தொடங்கும்போது நடுவில் வைத்த பந்துக்கு இரண்டு பேர் மோதுவது) எடுப்பவர்களுக்கு நேர்மாறாக நன்றாக வளைந்துகொடுக்கும் ஹெட். அட்டாக்குக்கு எடை குறைவாக, கீழ்ப்பக்கம் ஒடுங்கி, மேலே போகப் போக விரிந்த ஹெட். பந்து நடுவில் ஒரே தடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் வெளியே போக வேண்டும். கோலுக்குப் பின்னால் நின்று பாஸ் கொடுப்பவன் என்றால் பாக்கெட் (வலையில் பந்து உட்காரும் குழி) கொஞ்சம் மேலே இருந்தால் பந்து சட்டென்று கிளம்பும். ஆளை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்து அடிப்பவன் என்றால் பாக்கெட் கீழே இருக்கலாம். பந்து பிடித்து நிற்கும், விப் (எறியும்போது பந்து கீழ்நோக்கி இழுப்பது) கூடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பாதியைத் தம்பி சொன்னான், மீதியைச் சொன்னது அந்த விற்பனைக்காரர். அதுதான் வயிற்றெரிச்சல்.

பயன்படுத்திய விளையாட்டுச் சாமான்களைத் தனியாட்கள் போட்டு விற்கிற ஆப் அது. பெயர் சொல்லவில்லை, இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்தே இந்த எச்சரிக்கை. "அட்டாக் ஹெட், புதுசு, கையால் ஸ்ட்ரிங் செய்தது" என்று ஒரு கருநீல ஹெட். ஸ்ட்ரிங் செய்வது என்றால் ஹெட்டில் மெஷ் என்ற வலையைக் கட்டுவது. சந்தேகம் கேட்டு மெசேஜ் போட்டேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் கேட்டது இதுதான்: "உங்கள் தம்பி கோலுக்குப் பின்னால் நின்று ஆடுகிறவரா, முன்னால் வந்து அடிக்கிறவரா? எந்தக் கை?" இடது கை, பின்னால்தான் அதிகம் நிற்பான் என்றேன். "அப்படியானால் பாக்கெட்டை நடுவிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டுகிறேன், ஷூட்டிங் ஸ்ட்ரிங் இரண்டு போதும்" என்றார் (வலையின் மேற்பகுதியில் குறுக்கே ஓடும் கயிறு அது). தானும் கல்லூரியில் அட்டாக் ஆடியவர் என்றார். இரவே ஒரு வீடியோ அனுப்பினார்: பந்தை பாக்கெட்டில் போட்டு, மெல்ல ஆட்டி, மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். பந்து அப்படியே போய் அப்படியே வந்து உட்காருகிறது. ஹெட் 120, ஸ்ட்ரிங்கிங் 55, ஆக 175 டாலர் என்று கணக்குச் சொன்னார். ஒரு ஆள் இவ்வளவு அக்கறையாக, ஆடுகிறவனைப் பற்றிக் கேட்டு, அவனுக்கென்று கட்டித் தருகிறேன் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? 175 டாலரை கார்டில் கட்டினேன்.

பார்சல் வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. தம்பிக்குச் சந்தோஷம். பயிற்சியில் இரண்டு விஷயம் சொன்னான். கையில் பந்து கெட்டியாக நிற்கிறது, சூப்பர். ஆனால் பாஸ் கொடுத்தால் கொஞ்சம் வலது பக்கமாக இழுக்கிறது. அதையும் விற்றவரிடம் கேட்டேன். "புது மெஷ், பழக வேண்டும், சுவரில் அடித்து அடித்துப் பழக்கச் சொல்லுங்கள்" என்றார். பழக்கினான். மணிக்கணக்காகச் சுவரில் அடித்தான். கையுறையின் உள்ளங்கையில் நீலச்சாயம் ஒட்டியிருந்ததை அப்போதே காட்டினான்.

பிறகு வெளியூர் மேட்ச். பாதியில் ரெஃப்ரீ ஸ்டிக் செக்குக்கு தம்பியைக் கூப்பிட்டார். நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பந்தை ஹெட்டின் அடியில், கட்டையோடு சேரும் கழுத்துப் பக்கம் வைத்து முன்னால் சாய்த்தார். பந்து தானாக உருண்டு வெளியே வர வேண்டும். வரவில்லை. ஹெட்டின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. அளவுகோலை எடுத்தார். கல்லூரி விதிப்படி கழுத்துக்குப் பக்கத்தில்கூட உள்ளகலம் குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும், 5 அங்குலம் மேலே போனால் 3.5, மிக அகலமான இடத்தில் 6. கீழ்ப்பக்கத்தில் இது 3 அங்குலத்துக்கும் குறைவு. பெனால்டி. ஸ்டிக்கை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள், ஆட்டம் முடியும்வரை தரவில்லை. அணியில் எல்லோரும் பார்க்க, ஏமாற்றுக்காரன் மாதிரி என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தான். 175 டாலரைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

அன்று இரவு, அணியில் எல்லோருக்கும் ஸ்ட்ரிங்கிங் செய்து தரும் பையன் ஒருவன் மெஷ்ஷை முழுக்க அவிழ்த்தான். அதே மாடல் ஹெட் ஒன்று அவனிடம் இருந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். எங்களுடையதில் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே வளைந்திருந்தன, அதிலும் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகம். பாஸ் ஒரு பக்கமாக இழுத்ததற்குக் காரணம் அதுதான். ஹெட்டை அடுப்பில் சூடு காட்டி, இளகியதும் இறுக்கிக் கட்டி ஆறவிட்டால் நைலான் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். பந்து கெட்டியாக நிற்பதற்காகச் சிலர் இப்படிச் செய்கிறார்களாம். ஸ்ட்ரிங் ஓடும் துளைகளைச் சுற்றி, மெஷ் மறைத்திருந்த இடத்தில், மெல்லிய வெள்ளை வெள்ளைக் கோடுகள். பல முறை வளைந்து வளைந்து பிளாஸ்டிக் களைத்துப்போன அடையாளம். அது ஃபேஸ்ஆஃப் எடுக்கிறவர்கள் வாங்கும் மாடல், நன்றாக அடிபட்டது. அந்தத் தடங்களை மறைக்கத்தான் கருநீலச் சாயத்தில் முக்கியிருக்கிறார். ஹெட்டுக்குச் சாயம் போடுவது இங்கே சகஜம், அழகுக்காகச் செய்வார்கள். இவர் செய்தது பழசைப் புதுசாகக் காட்ட.

இனி அவர் பதில்களைக் கேளுங்கள். முதலில், "ரெஃப்ரீயின் அளவுகோல் தப்பாக இருக்கும்." படம் அனுப்பினேன், ஸ்கேல் வைத்து எடுத்த படம். "அட்டாக் ஹெட் என்றால் ஒடுக்கமாகத்தான் இருக்கும்." ஒடுக்கமாக இருக்கலாம், விதிக்கு உட்பட்டு இருக்க வேண்டும் அல்லவா என்றேன். "பாக்ஸ் லாக்ராஸில் ஆடச் சொல்லுங்கள்." அது உள்ளரங்கில் ஆடுவது; தம்பி ஆடுவது திறந்த மைதானத்தில் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறேன், அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது. அதைப் படமெடுத்து அனுப்பினேன். கடைசியாக, "நீங்கள்தான் வெயிலில் காரில் வைத்து வளைத்துவிட்டீர்கள்." காரில் சூடு ஏறினால் ஹெட் கோணிக்கொள்ளும் என்பது உண்மைதான். வெள்ளைக் கோட்டின் மேல் சாயம் ஏறியிருக்கிறதே, அதையும் வெயிலா போட்டது? அதற்கு அப்புறம் பதிலே இல்லை.

ஆப்காரர்கள் அதைவிட மோசம். மனிதர் யாரும் பேசுவதில்லை, எழுதி வைத்த பதில்தான் வரும். பொருள் கையில் கிடைத்து 3 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்றார்கள். மெஷ்ஷை அவிழ்க்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வாடிக்கையாளருக்கென்று தனியாகச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பத் தரப்படாது" என்று அடுத்த பதில். உனக்கென்று கட்டித் தருகிறேன் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன், உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு நட்சத்திரம் கொடுங்கள் என்று வந்தது. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். பொருள் வந்து சேர்ந்ததாகக் கூரியர் ரசீது இருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். 175 டாலர் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. அவர் கணக்கும் அப்படியே இருக்கிறது, அதே வீடியோவை வைத்து இப்போது ஒரு கறுப்பு ஹெட் போட்டிருக்கிறார்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெஷ் கட்டிய ஹெட்டைத் தெரியாத ஆளிடம் வாங்காதீர்கள். வெறும் ஹெட்டாக வாங்கித் தனியே ஸ்ட்ரிங் செய்துகொள்ளுங்கள். கழுத்துக்குப் பக்கத்திலும் நடுவிலும் மேலேயும் ஸ்கேல் வைத்த படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சாயம் போட்ட ஹெட் என்றால் போடுவதற்கு முன் எடுத்த படம் கேளுங்கள். மேலிருந்து நேராகப் பார்த்தால் இரண்டு சுவரும் ஒரே மாதிரி வளைந்திருக்க வேண்டும். கையில் வந்ததும் முதல் வேலையாக பந்தை அடியில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், உருண்டு வராவிட்டால் அன்றைக்கே புகார் கொடுங்கள், பழகட்டும் என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம், அந்த 3 நாளைக் கடத்துவதற்குத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேச்சையெல்லாம் மெசேஜிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதியில் ஆடுகிறீர்கள் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லி, அந்த அளவுக்கு இது உட்பட்டதுதான் என்று அவரையும் எழுத்தில் சொல்ல வையுங்கள். கார்டு கம்பெனி என்னிடம் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியைத்தான்.