கவரைக் கழட்டினால் எடுக்க வேண்டும்

மட்டக்களப்பு பஸாரில் ஸ்நூக்கர் கியூ, அதாவது மேசையில் பந்தடிக்கிற கோல், வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொலித்தீன் கவரைக் கழட்டிப் பார்க்க விடமாட்டார்கள். சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கலாம், சேர்ட்டை மேலோடு வைத்துப் பார்க்கலாம், தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம். கியூ மட்டும் கடைக்காரர் சொன்னால் சொன்னதுதான்.

இங்கிலாந்திலிருந்து இந்த முறை ஊருக்கு வந்ததில் மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொழும்பு ரயில், பிரதேச செயலகம், வங்கி என்று ஒரு இடத்திலும் பெரிய இழுபறி இல்லை. அதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுவது? இத்தனை நாளாகியும் மனதில் கிடந்து உறுத்துவது அந்தக் கவர்தான்.

அக்காவின் மகனுக்கு ஸ்நூக்கர் பைத்தியம். அவன் போகிற இடத்தில் பொதுவாகக் கிடக்கிற ஸ்டிக்குகளில் ஒன்று வளைந்திருக்கும், ஒன்றில் நுனியில் ஒட்டுகிற தோல் டிப் தேய்ந்து பித்தளை வெளியே தெரியும். சொந்தமாக ஒன்று இல்லாமல் கை படியாது என்று எனக்கும் தெரியும். வரும்போதே கொண்டுவந்திருக்கலாமே என்று அக்கா கேட்டாள். இங்கிலாந்து விமான நிலையங்களில் கியூவைக் கைப்பொதியில் விடமாட்டார்கள், அடிதடிச் சாமான்களின் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கீழே போடுகிற பொதியில் போடலாம். ஆனால் முக்கால் பங்கில் மூட்டு வைத்த கியூவின் பெட்டி ஏறக்குறைய நாலடி நீளம். அதுவும் போக, பிடிக்கப்போகிறவன் பிடித்துப் பார்க்காமல் கியூ வாங்குவதில் அர்த்தமில்லை. நிமிர்ந்து நின்று பக்கத்தில் நிறுத்தினால் அது அவன் அக்குளுக்கும் தோளுக்கும் இடையில் வர வேண்டும். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 57, 58 அங்குலம். வளருகிற பையன் என்றால் இன்னும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, கடைக்கு வருவோம். கரம் போர்ட், கிரிக்கெட் மட்டை, பட்மிண்டன் வலை எல்லாம் அடுக்கிய பெரிய கடைதான். கியூக்கள் வாசல் பக்கத்து மூலையில் சுவரில் சாய்ந்து நின்றன. பின்னேர வெயில் நேரே அவற்றில் விழுகிறது. கச்சான் காற்று அடிக்கிற காலம், தெருவில் போகிற மனிதனே காய்ந்து முறுகிப்போகிறான். மரம் என்ன செய்யும்?

"கொஞ்சம் கவரைக் கழட்டித் தாங்க, பார்ப்பம்."

"கழட்டினா எடுக்கத்தான் வேணும் அண்ணன். மறுகா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"வளைஞ்சிருக்கா என்று பார்க்க வேணுமே?"

"இது புதுசு அண்ணன். புதுசு எப்பிடி வளையும்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நன்றாகக் காயவிடாத மரத்தில் கடைந்த கியூ பெட்டியில் வரும்போதே வளையத் தொடங்கும். நல்ல மரமாக இருந்தாலும் மாதக்கணக்கில் சுவரில் சாய்த்து வைத்தால் தன் பாரத்திலேயே தொய்யும். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கவரோடு கியூவைக் கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்து உருட்டிக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு நேரா உருளுது!"

உருட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். பிடிப்பக்கம் தடித்து நுனி மெலிந்துபோகிற பொருள் அது. பல ஸ்நூக்கர் கியூக்களில் அடிப்புறம் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருக்கும், அங்கே துள்ளும். கையால் சீவிய கியூ அச்சு வட்டமாகவும் இராது, நேராக இருந்தாலும் உருளும்போது கொஞ்சம் ஆடும். துள்ளாமல் உருண்டதாலே நல்லது என்றும் இல்லை, துள்ளியதாலே கெட்டது என்றும் இல்லை. கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை பார்வையை ஓட்ட வேண்டும். கால் திருப்பு திருப்பித் திரும்பவும் பார்க்க வேண்டும். பொலித்தீன் சுருங்கிச் சுருங்கி மினுங்கும்போது இதை எப்படிச் செய்வது?

கவர் வழியாகத் தெரிந்ததே போதுமானதாக இருந்தது. கைப்பிடியில் கறுப்பு மரம் மேலேறி நாலு கூர்களாக முடிகிற வேலைப்பாடு இருக்குமே, அது இதிலும் இருந்தது. நாலும் ஒரே அச்சு, ஒரே உயரம், ஒரே கூர். மெஷினில் பொருத்தினாலும் அப்படி வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கூரின் நுனி கொஞ்சம் உரிந்து மேலே எழும்பி நின்றது. ஸ்டிக்கர்! தண்டில் தெரிந்த மரக்கோடுகளும் அப்படித்தான். கியூ கடைகிற ஆஷ் மரத்தில் அம்புத்தலை மாதிரியான கோடுகள் எதிரெதிர் இரண்டு பக்கங்களில் வரும், இடையிலுள்ள இரண்டு பக்கங்களிலும் நேர்கோடுகள் ஓடும். இதில் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் அம்புத்தலை. அப்படி ஒரு மரம் கடவுள் படைக்கவில்லை.

நிறை எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்குத் தானே கொண்டுபோய், பெரிய வெங்காயம் நிறுக்கிற டிஜிட்டல் தராசில் குறுக்கே வைத்தார். 610 கிராம். கவரையும் சேர்த்துத்தான், ஆனால் கவர் எத்தனை கிராம் வரும்? ஸ்நூக்கர் கியூ வழக்கமாக 17 தொடக்கம் 19 அவுன்ஸ், அதாவது 480க்கும் 540க்கும் இடையில். மருமகன் பாடசாலைப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து நுனியில் வைத்தான். 13 மில்லிமீற்றர். அது பூல் என்கிற வேறொரு மேசைப் பந்தாட்டத்தின் ஸ்டிக். பூல் பந்து 57 மில்லிமீற்றர், அதற்கு அந்த நுனி சரி. ஸ்நூக்கர் பந்து 52.5தான், அதற்கு நுனி ஒன்பது, ஒன்பதரை, கூடினால் பத்து. இதைச் சொன்னதும் கடைக்காரர், "ரெண்டும் ஒண்டுதான் அண்ணன், அடிக்கிற ஆள்ல இரிக்கி" என்றார். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற லாபிர் இந்த நாட்டுக்காரர் என்று சொல்லிப் பார்த்தேன். "எந்தக் கடை அவருக்கு?" என்று கேட்டார்.

விலை 28,000 ரூபா. பில்லின் அடியில் விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது.

பேர்மிங்காமில் நான் போகிற கிளப்பின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கடை உண்டு. பத்துப் பன்னிரண்டு கியூக்களை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய் அடித்துப் பார்க்கலாம், ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைத்துவிட்டு வரலாம். இணையத்தில் வாங்கினாலும் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல அங்கே சட்டம் இடம் தருகிறது. அதை நினைத்து எரிச்சல் வந்தது என்பது உண்மை. ஆனால் அதைவிட வேறொரு நினைவுதான் கூட எரிந்தது. இதே பஸாரில் அம்மாவோடு சீலைக்கடைக்குப் போனால் பாயில் இருத்தி, சோடா உடைத்துத் தந்து, கடை முழுவதையும் விரித்துக் காட்டுவார்கள். அம்மா எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு "தீபாவளிக்கு வாறன்" என்று எழும்புவா. முதலாளி சிரித்துக்கொண்டே மடிப்பார். பொருளைத் தொட்டுப் பார்க்கிற உரிமையை நான் இங்கிலாந்தில் போய்ப் படிக்கவில்லை, இங்கேதான் படித்தேன்.

"என்ன மாமா, மறுகா ஒரு கடைக்கா?" என்று மருமகன் அலுத்துக்கொண்டான். அவனுடைய கூட்டாளி ஒருவன்தான் கல்முனைப் பக்கம் ஒரு ஓடாவி, தச்சு வேலைக்காரர், இருக்கிறார், ஸ்டிக் திருத்துகிறவர் என்று சொன்னான். பஸ் ஏறினோம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி தாண்டி அம்பாறை மாவட்டத்துக்குள் போய் இறங்கி, கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம்.

முதிரைத் தூள் மணக்கிற தச்சுப் பட்டறை. பாதி செய்த கதவு நிலைகளுக்குப் பின்னால், வளைமரத்தில் அடித்த பலகைத் தட்டில் கியூக்கள் படுத்துக் கிடந்தன. சாய்த்து வைக்கவில்லை, படுக்க வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனம் நிறைந்துவிட்டது. கொழும்பில் மூடின ஒரு கிளப்பிலிருந்து எடுத்தவையாம். அவருக்கு விளையாட்டே தெரியாது. ஒரு நாளும் மேசையில் குனிந்ததில்லை என்றார். மரம் தெரியும், அவ்வளவுதான்.

"காக்கா, கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா?"

"பாக்காம என்னத்த வாங்கிற தம்பி? எல்லாத்தையும் எடுங்க."

கதவு நிலைக்குச் சட்டம் பார்க்கிறது போலவே பார்த்தார். கண்ணுக்கு நேரே பிடித்து, திருப்பி, திரும்பவும் திருப்பி, இரண்டை ஒரு வார்த்தையும் பேசாமல் ஒதுக்கினார். மூன்றாவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரல் நகத்தால் ஒரு கோட்டைத் தொடர்ந்து காட்டினார். கோடு நுனியில் தொடங்கி, ஒன்றரைச் சாண் வருவதற்குள் தண்டின் விளிம்பால் வழுகி மறைந்துவிட்டது. "இது நேராத்தான் இரிக்கி. ஆனா நார் வெளிய ஓடுது. ஒரு நாளைக்கு வளையும், இல்லாட்டி முறியும்." புதுசு எப்படி வளையும் என்று கேட்டவரை அங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

கடைசியில் ஒன்றைத் தந்தார். ஆஷ் தண்டு, அம்புத்தலைகள் எதிரெதிரே இரண்டு பக்கத்தில், இடையில் நேர்கோடுகள் நுனிவரைக்கும். கைப்பிடி கருங்காலி. நாலு கூரும் நாலு உயரம், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் வளைந்து வழிந்திருந்தது. கையால் செய்ததன் அடையாளம் அதுதான். நகத்தால் கீறிப் பார்த்தேன், மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் நகம் தடுக்கவில்லை. இந்தக் கருங்காலி நம் காட்டு மரம், வெள்ளைக்காரன் 'சிலோன் எபனி' என்று பேர் வைத்தது. இப்போது ஏற்றுமதிக்குத் தடை. ஓடாவி அந்தக் கறுப்பைத் தடவிக்கொண்டு, "இப்ப இதுக்கு எங்க போற?" என்றார்.

மூட்டை இறுக்கி, நடுவில் தளர்வாகப் பிடித்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தட்டினார். கிணுகிணுவென்று ஏதும் அதிர்ந்தால் மூட்டோ நுனியிலுள்ள பித்தளைக் குப்பியோ தளர்ந்திருக்கிறது. ஒன்றும் அதிரவில்லை. அடியிலிருந்து ஒன்றரையடி வரும் இடத்தில் ஒரு விரலில் வைத்தார், அப்படியே நின்றது. நுனி ஒன்பதரை மில்லிமீற்றர். நிறை 18 அவுன்ஸ் வரும் என்று கையாலேயே சொன்னார். வீட்டில் வந்து அக்காவின் தராசில் வைத்தபோது 512 கிராம் காட்டியது.

ஒரு குறைதான். மேலே பூசிய வார்னிஷ். இந்தப் பக்கத்து ஈரக்காற்றுக்கு அது விரலில் ஒட்டும், அடி இழுபடும். சொல்லி வாய் மூடவில்லை, அவர் பட்டுப்போன்ற உப்புத்தாளை எடுத்து நார் ஓடுகிற திசையிலேயே மெல்லத் தேய்த்து, துணியில் லின்சீட் எண்ணெய் தொட்டுத் தடவினார். துடைத்து, திரும்பவும் துடைத்தார். மருமகனைப் பக்கத்துக் கிளப்புக்குப் போய் அடித்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். காசு வாங்காமலே, ஆள் யார் என்று கேட்காமலே! அவன் போய் அரை மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. 35,000 ரூபா.

ஆனால் ஊர் ஊர்தான். கார்ட் எடுக்கமாட்டார், பில் இல்லை. இங்கிலாந்தில் ஒரு வாழைப்பழத்துக்கும் கார்ட் தட்டிப் பழகிய கை, சட்டைப்பையில் அவ்வளவு காசு வைத்திருக்குமா? காசு எடுக்கிற மெஷின் முன்னால் வரிசை, எனக்கு முன்னால் நின்றவர் நாலு கார்டைப் போட்டுப் போட்டு எடுத்தார், என் முறை வந்தபோது மெஷினில் காசு முடிந்துவிட்டது. வேறொரு வங்கியைத் தேடி, வெயிலில் நடந்து, திரும்பி வரும்போது ஓடாவி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். கியூவை மருமகன் கையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மாரி தொடங்கினால் அதை அலுமாரியின் மேல் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னேன், அதைக் கேட்பான் என்று தோன்றவில்லை.

இனி இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடாவியிடம் நல்ல டிப் முடியப்போகிறது. எல்க் மாஸ்டர் என்கிற டிப் ஒரு பெட்டி, பத்து மில்லிமீற்றர் என்றாலும் பரவாயில்லை, அவர் ஒட்டிச் சீவிக்கொள்வார். சூட்கேசில் ஒரு சோடிக் காலுறைக்குள் அடங்கிவிடும். டிப்பில் பூசுகிற சோக் கொண்டுவர வேண்டாம், அது கல்முனையிலேயே கிடைக்கிறது.