துணி பிளீச்சில் லேப் பிரின்ட்: செங்கோட்டைக் கடைச் சரக்கு எப்படி?

செங்கோட்டை மளிகைக் கடைகளில் வெள்ளைத் துணிக்கென்று விற்கிற சாதாரண பிளீச், போட்டோ லேபில் போட்ட கலர் பிரின்ட்டின் நிறத்தை மாற்றத் தாராளமாகப் போதும். லேபிளில் சோடியம் ஹைபோகுளோரைட் என்று இருக்க வேண்டும்; தயாரித்து 3 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வெயில் பட்டால் சரக்கு வீரியம் இழந்துவிடும் என்பதால், கடை வாசலில் அடுக்கியதை விட்டு உள் அலமாரியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாசனை சேர்த்த கெட்டி ரகம் வேண்டாம், நுரை நின்ற இடமெல்லாம் வட்டத் தழும்பு விழும். பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பாகப் படியும்.

இதன் அழகே நிறம் கழலும் வரிசைதான். கெமிக்கலில் கழுவிய கலர் பேப்பரில் மேலே சயான் (பச்சை கலந்த நீலம்), நடுவில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), அடியில் மஞ்சள் என மூன்று ஜெலட்டின் அடுக்குகள். பிளீச் மேலிருந்து அரித்துக்கொண்டே இறங்கும். அதனால் சயான் போனதும் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து கருப்பு முதலில் சிவப்பாகும், பிறகு மஞ்சள், கடைசியில் வெள்ளை. குற்றாலத்து மலைப் பச்சையில் மெஜந்தா குறைவு. அது பெரும்பாலும் நேராக மஞ்சளுக்குத் தாவும். ஆரியங்காவு பக்கத்து ஓட்டு வீட்டுச் சிவப்பில் சயான் அதிகம் இல்லாததால் வெகுநேரம் அசையாமல் இருந்து, பிறகு மஞ்சளாகும். அருவியின் வெள்ளையில் எதுவும் தெரியாது. இருட்டு அதிகமுள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு பங்கு பிளீச்சுக்கு 4 பங்கு தண்ணீர். நைலான் பிரஷ்தான் எடுக்க வேண்டும். முடி பிரஷ் வேண்டாம்; விலங்கு முடி ஜெலட்டினைப் போலவே புரதம், அதையும் பிளீச் கரைத்துவிடும். தட்டைச் சாய்க்காமல் வைத்துத் தடவுங்கள், வழிந்தால் கோடு விழும். நினைத்த நிறத்துக்குச் சற்று முன்பே தண்ணீரில் போட வேண்டும், கழுவும்போதும் கொஞ்சம் அரிக்கும். பிறகு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஹைப்போ (மிச்ச பிளீச்சை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) கரைத்த தண்ணீரில் ஒரு நிமிடம், மறுபடி நல்ல தண்ணீரில் 5 நிமிடம். அப்போது பரப்பு கொழகொழவென்றிருக்கும். விரல் பட்டால் படமே உரிந்து வரும்.

பலருக்கும் தோற்பது பிளீச்சால் அல்ல, பிரின்ட்டால். இப்போது பல கடைகளில் இன்க்ஜெட் பிரின்ட்தான் தருகிறார்கள். அதில் இந்த அடுக்கே கிடையாது, திட்டுத் திட்டாக வெளுக்கும். உடனடிப் பாஸ்போர்ட் படங்களில் பல, மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை, பிளீச் எளிதில் இறங்காது. வேண்டாத பிரின்ட்டின் கருப்பு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவந்து, பிறகு மஞ்சளானால் சரியான பேப்பர். தாத்தா காலத்துக் கருப்பு வெள்ளைப் படத்தில் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். அதற்குரியது பொட்டாசியம் பெரிசயனைடு, துணி பிளீச் அல்ல.

கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். கழிவறை ஆசிட்டோ வினிகரோ அருகில்கூட இருக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

சாரல் மாதங்களில் மட்டும் காய வைப்பது பெரும்பாடு. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். கிளிப்பில் தனித்தனியாகத் தொங்கவிட்டு, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.