ஐம்பது வெள்ளிக்குள் பவர் சப்ளை டெஸ்டர்: வாங்கலாமா?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவுக்குப் போனால், கேபிளும் கன்வெர்ட்டரும் விற்கும் சின்னக் கடைகளில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். நடுவில் எல்சிடி திரை, ஓரங்களில் விதவிதமான சாக்கெட்டுகள். டெஸ்க்டாப்புக்குள் மின்சாரம் பகிரும் பவர் சப்ளையைச் சோதிக்கும் டிஜிட்டல் டெஸ்டர் இதுதான். பிராண்டு பெயரே இல்லாதவை ஐம்பது வெள்ளிக்குள் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. டெஸ்க்டாப் திடீரென்று அணைந்து போகிறது என்றால் பலரும் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் அந்தக் கோளாறைப் பிடிப்பதில்தான் இது பாதிக் கிணறு தாண்டுகிறது.

பயன்படுத்துவது எளிது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். பக்கத்தில் உள்ள கொக்கியை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டு வளையும். பிராசசருக்குப் போகும் 8 பின், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் வயர்களையும் எடுத்துவிடுங்கள். 24 பின்னையும் 8 பின்னையும் டெஸ்டரில் செருகி சுவிட்சைப் போட்டால், பச்சை வயரைக் கறுப்போடு இணைத்து பவர் சப்ளையைப் பெட்டியே எழுப்பிவிடும். பேப்பர் கிளிப்பை வளைத்துக் குத்துகிற வேலை மிச்சம்.

திரையில் பார்க்க வேண்டிய எண்கள்: 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை. 'பிஜி' என்று காட்டுவது, மின்சாரம் நிலைப்பட்டுவிட்டது என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம். 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். 8 பின்னைச் செருக மறந்தால் இரண்டாவது 12 வோல்ட் இடத்தில் 'எல்எல்' (வோல்ட் இல்லை அல்லது குறைவு) என்று காட்டிப் பெட்டி கத்தும். அதைக் கேட்டுப் பயந்து புது பவர் சப்ளை வாங்கிவிடாதீர்கள். இன்னொரு குழப்பம்: பிராசசர் கனெக்டர் நான்கும் நான்குமாகப் பிரியும், கிராபிக்ஸ் கனெக்டர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் மஞ்சள், கறுப்பு வயர்கள் எதிரெதிர் பக்கம். இறங்கவில்லை என்றால் அது தப்பான சாக்கெட், அழுத்தக் கூடாது.

12 வோல்ட் 11.1 என்று காட்டினாலோ, பிஜி நேரம் எல்லை தாண்டினாலோ, கனெக்டரை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மறுபடியும் அதே எண் வந்தால் பவர் சப்ளை போய்விட்டது. அந்தத் தீர்ப்பை நம்பலாம். எல்லாம் சரி என்று காட்டும்போதுதான் சிக்கல். பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டர்கள் இழுப்பது சில வாட்தான். உங்கள் பிசி அணைவதோ கேம் ஓடும்போது, கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 250 வாட் இழுக்கும் நேரத்தில். கார்டின் இழுப்பு கண நேரத்துக்கு அதைவிட இரண்டு மடங்கு வரைகூட எகிறலாம். பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் பழசானால் அந்த நொடியில்தான் கையை விரிக்கும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை அனுமதிக்கப்படும் ரிப்பிளை, அதாவது வோல்ட்டின் வேகமான சின்ன ஏற்ற இறக்கத்தை அளக்கவும் இந்தப் பெட்டியால் முடியாது, அதற்கு மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். சும்மா நிற்கிற லாரியின் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு கெந்திங் மலை ஏறும் என்று சொல்வது போலத்தான் இது.

காசு செலவில்லாத சோதனைகள் இதைவிட அதிகம் சொல்லும். பிசி அணைந்ததும் முன்பக்க பட்டனை அழுத்திப் பாருங்கள். அசைவே இல்லாமல், பின்பக்க சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், பவர் சப்ளையின் பாதுகாப்புச் சர்க்யூட் பூட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். அடுத்து, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற புரோகிராமில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். அணைவது நின்றால் சந்தேகம் பவர் சப்ளை மேலும், கார்டுக்குப் போகும் கேபிள் மேலும் விழுகிறது. இரண்டு சாக்கெட் உள்ள கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு தலைகளை மாட்டியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். அந்தக் கேபிள் அதே பவர் சப்ளையோடு வந்ததாக இருக்க வேண்டும். வேறு மாடலின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள் பொருந்துவது போல் இருந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், ஹார்ட் டிஸ்க் கருகிவிடலாம்.

விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருப்பதைக் காட்டி, "பவர் சப்ளைதான் அண்ணே" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. 41 அடுத்த முறை பூட் ஆகும்போது எழுதப்படுவது. முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதன் டீட்டெயில்ஸில் பக்செக் கோடு (விண்டோஸ் எந்தப் பிழையால் நின்றது என்று சொல்லும் எண்) பூஜ்யமாக இருந்தால் மின்சாரம் போயிருக்கலாம், அல்லது மெஷின் உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அது புளூ ஸ்கிரீன்: டிரைவர், ராம் பக்கம் போங்கள். பதிவுகளில் 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ அப்டேட்டோ கேட்டுத்தான் அணைந்திருக்கிறது.

கேஸின் பவர் பட்டனையும் மறக்காதீர்கள். நான்கு செகண்ட் அழுத்தியபடி இருந்தால் பிசி அணையும் என்பது எல்லாருக்கும் தெரியும்; பிளாஸ்டிக் பட்டன் ஓரத்தில் சிக்கி உள்ளேயே நின்றாலும் அதுவேதான் நடக்கும். மதர்போர்டில் பட்டனிலிருந்து வரும் இரண்டு பின் வயரைக் கழற்றி, ஸ்குரூடிரைவர் நுனியால் இரண்டு பின்னையும் ஒரு நொடி தொட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க அணையாமல் ஓடினால் குற்றவாளி பட்டன்தான்.

ஏர்கான் இல்லாத அறை என்றால் சூட்டாலும் பிசி அணையலாம். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராமில் லாக்கிங் (பதிவு) போட்டு விடுங்கள், கடைசி வரியில் இருக்கும் சூட்டைப் பாருங்கள். பிராசசர் 100 டிகிரியை ஒட்டி நின்றால் கூலரைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று எழும்பியிருப்பது சகஜம்.

பழைய பிசிகளை வாங்கி விற்பவர்களுக்கும், மாதத்துக்கு நாலைந்து மெஷின் பார்க்கும் பள்ளி லேப் ஆட்களுக்கும் டெஸ்டர் லாபம். செத்த பவர் சப்ளையை ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். வீட்டில் ஒரே ஒரு பிசி வைத்திருப்பவர்கள் அந்தக் காசில் ஒரு மல்டிமீட்டர் வாங்கட்டும். 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் காலியாக உள்ள நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரின் கறுப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் குத்தி, கேம் ஓடும்போதே படிக்கலாம். 11.4க்குக் கீழே இறங்கினால் விஷயம் தெரிந்துவிட்டது. கை நழுவி மஞ்சளும் பக்கத்துக் கறுப்பும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டர்தான் வேண்டும் என்றால், கவுண்டரிலேயே ஒரு புது பவர் சப்ளையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து மங்கலான திரையும், ஒரு பக்கம் தொளதொளவென்று ஆடும் 24 பின் சாக்கெட்டும் இந்த விலையில் அடிக்கடி கண்ணில் படும்.