எஸ்டி-லிங்க் நகல் வாங்குவோர் கவனத்துக்கு: கூட்டில் அச்சிட்டிருப்பதை நம்பி வயர் கொடுக்காதீர்கள்

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் புரோகிராம் ஏற்றவும் டீபக் செய்யவும் (பிழை தேடவும்) சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் எஸ்டி-லிங்க் வி2 நகல் வாங்கினேன். பென்டிரைவ் மாதிரி அலுமினியக் கூடு போட்டு, பத்து பின்னோடு எல்லாக் கடையிலும் கிடைக்குமே, அதுதான். கூட்டின் மேலேயே பின்களின் பெயர் அச்சாகியிருந்தது. அதன்படி 3.3 வோல்ட், டிஐஓ (டேட்டா), கிளாக், கிரவுண்ட் நான்கையும் எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள ப்ளூ பில் போர்டுக்குக் கொடுத்தேன். யுஎஸ்பியில் செருகியதும் போர்டின் பவர் எல்இடி மங்கலாக எரிந்தது. மென்பொருளோ, டார்கெட்டே (இணைத்த சிப்பே) இல்லை என்றது.

அந்த மங்கல் வெளிச்சம்தான் உறுத்தியது. கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) போட்டு, ஒரு முனையை யுஎஸ்பி பிளக்கின் உலோகத்தில் வைத்துப் பார்த்தேன். கிரவுண்ட் என்று அச்சிட்ட 3, 4ஆம் பின்களில் பீப் வரவில்லை. 5, 6இல் வந்தது. கூட்டை உருவினேன். உள்ளே எஸ்டி-லிங்கின் போர்டில் வேறு வரிசை: 2 கிளாக், 3 ஸ்விம் (எஸ்டிஎம்8 என்ற வேறு சிப் வகைக்கானது), 4 டிஐஓ, 5ம் 6ம் கிரவுண்ட். கூட்டின்படி 2 டிஐஓ, 6 கிளாக். 3.3, 5 வோல்ட் பின்கள் மட்டும்தான் இரண்டிலும் ஒன்று.

அதாவது கிளாக் வயர் நேராகக் கிரவுண்டில் இருந்திருக்கிறது. ப்ளூ பில் போர்டின் கிரவுண்டிலிருந்து கரண்ட் திரும்பும் வழி கிடையாது. எனவே கரண்ட், சிப்பின் கிளாக் பின்னான பிஏ14க்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகத் திரும்பியிருக்கிறது. அந்தப் பின்னுக்கு 5 மில்லியாம்ப்தான் உச்சவரம்பு. சரியான வரிசையில் வயர் கொடுத்த பிறகும் அந்தச் சிப் பதில் சொல்லவே இல்லை.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், "கூடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார், உள்ள போர்டு லாட்டுக்கு லாட்டு மாறும்" என்கிறார். தெரிந்தேதான் விற்கிறார்! அப்படியானால் மாற்றித் தாருங்கள் என்றேன். "வயர் கொடுத்த ஐட்டத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம், நீங்கதான் மாத்திக் கொடுத்திருப்பீங்க." கூட்டையும் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியும் அதே பதில்தான். போர்டுக்கும் பணம் வரவில்லை, எஸ்டி-லிங்குக்கும் வரவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்குகிற பொருள் இது. போர்டு செத்தால் தங்கள் வேலைதான் தப்பு என்று நினைத்துக்கொண்டு அவர்கள் இன்னொன்று வாங்குவார்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் முதலில் கூட்டை உருவி, போர்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அப்புறம் கிரவுண்டை மீட்டரில் உறுதிசெய்து, 3.3 வோல்ட்டை அளந்துவிட்டு வயர் கொடுங்கள். எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் பவர் பின் தாங்கும் அதிகபட்சம் 4 வோல்ட். பக்கத்திலேயே 5 வோல்ட் பின் இருக்கிறது. ரீசெட் பின்னையும் நம்பாதீர்கள், பல நகல்களில் அது எஸ்டிஎம்8க்கு மட்டும்தான் வேலை செய்கிறது. புதிதாக வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே கூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடும். காட்ட மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.