பழைய மிக்சி, கிரைண்டர் எங்கே வாங்கலாம்: மாட்டுங்கா வீடுகளா, சோர் பஜாரா, ஆன்லைனா?

வெளிநாட்டில் ஒருவர் காலமானால் வீட்டைத் திறந்துவைத்து, சாமான்களில் விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். நம்மிடம் அது நடக்காது. தாத்தா போன மாதமே அவருடைய காபி மிஷினுக்கு விலை சொன்னால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஆனால் மும்பையில் அந்த வேலையை ரீடெவலப்மென்ட் செய்துவிடுகிறது. கட்டடம் இடிபடப் போகிறது, பில்டர் வாடகை கொடுக்கிறார், குடும்பம் சில வருடங்களுக்கு முலுண்டிலோ டோம்பிவிலியிலோ ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் கிளம்புகிறது. மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் இது தினசரி நடப்பு. பரணில் நாற்பது வருடம் அசையாமல் இருந்ததெல்லாம் ஒரே வாரத்தில் தரைக்கு வருகிறது.

அப்படிக் காலியாகும் வீடுகள் ஒரு வழி. மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜார் இன்னொன்று. மூன்றாவது, ஆன்லைன் விளம்பரம். எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாங்கப்போவதில் மோட்டார் உண்டா? உண்டென்றால் வீட்டுக்குப் போங்கள். இல்லையென்றால் சோர் பஜாருக்குப் போங்கள். ஆன்லைனை ஸ்பேர் தேட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. வீட்டில் விற்பவர் அந்த மெஷினோடு வாழ்ந்தவர். போன வருடம் மாட்டுங்காவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் நடந்த பேச்சு இது:

"மாமி, இது கடைசியா எப்ப ஓடித்து?"

"போன தீபாவளிக்கு வடைக்கு உளுந்து அரைச்சேன்டா. அப்புறம் தோள்வலி வந்துடுத்து. இந்தக் கல்லை யார் தூக்கிக் கழுவறது?"

இதில் எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. சமீபம் வரை ஓடியிருக்கிறது. சும்மா சுற்றவில்லை, உளுந்தோடு ஓடியிருக்கிறது. நிறுத்தியதற்குக் காரணம் மாமியின் தோள், மோட்டார் இல்லை. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல முடியாது, அவருக்கே தெரியாது. தவிர, வீட்டில் பிளக் இருக்கிறது, அரிசி இருக்கிறது, உங்கள் எதிரிலேயே அரைத்துக் காட்டுவார்கள். ஜாடிகள், மூடிகள், பிளேடு கழற்றும் சாவி, சில சமயம் மஞ்சளாகிப்போன கேரண்டி கார்டு என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சங்கடங்களும் உண்டு. வேண்டியதை மட்டும் எடுக்க விடமாட்டார்கள். மிக்சியோடு இரண்டு இண்டாலியப் பாத்திரமும் ஒரு இட்லித் தட்டும் சேர்ந்து வரும். பேக்கர்ஸ் வரும் தேதிக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, கிரைண்டரை மூன்று மாடி இறக்க ஆள் பிடிக்க வேண்டும். விலை பேசவும் வராது. "நீ பார்த்துக் கொடு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நாம் கூடவே கொடுத்துவிடுவோம். பங்கார்காரர், அதாவது பழைய இரும்பு வாங்குகிறவர், எடைக்குச் சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டு அதற்கு மேல் கௌரவமாகக் கொடுப்பது என் வழக்கம். பழந்துணிக்கு எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்காரி நமக்கு முன்னால் வந்து போயிருந்தால் பித்தளை எதுவும் மிஞ்சியிருக்காது என்பதையும் எதிர்பார்த்துப் போகவும்.

சேதி தெரிவது வாட்ச்மேன் மூலமாகத்தான். அவருக்கு அடுத்தபடி கோவில் வாசல்.

மிக்சிக்கு மும்பையில் ஒரு விசேஷம் உண்டு. நம் வீடுகளில் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஓரங்கட்டிய சுமீத் இங்கே பிறந்ததுதான். சீமென்ஸில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர், மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்சி எரிந்துபோனதால், இந்தியச் சமையலுக்குத் தாங்கும் மோட்டாராகச் செய்யலாம் என்று 1963-ல் இறங்கினார். ஈர உளுந்தும் கொப்பரையும் அரைக்கவேண்டும் என்பதை மனதில் வைத்துக் கட்டிய மோட்டார் அது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் பரணிலிருந்து இறங்கியவற்றில் சில ஓடுகின்றன.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை: ஜாடியை எடுத்துவிட்டு மேலே இருக்கும் கப்ளரை விரலால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொட லொடவென்று ஆடினால், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. பிறகு ஓடவிட்டு, காற்றுத்துளை வழியாக இருட்டில் எட்டிப் பாருங்கள். கார்பன் பிரஷ் தொடும் இடத்தில் சின்னதாக நீலப்பொறி தெரிவது சகஜம். பொறி வட்டம் முழுக்க வளையமாக ஓடினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம், அந்த ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) கம்பியைத் திரும்பச் சுற்றும் கூலிக்குப் புது மிக்சிக்கு முன்பணமே கட்டிவிடலாம். அடியில் இருக்கும் தகட்டில் எத்தனை வாட், தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று போட்டிருக்கும். அதை மதியுங்கள். இன்றைய மிக்சிகளின் அடியில் சூடேறினால் தானாக விழும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. பழையவை பலவற்றில் அது கிடையாது, நம் மூக்குதான் அந்தப் பொத்தான்.

கிரைண்டர் இன்னும் சுலபம். கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-ல் முதன்முதலாகச் செய்த நாளிலிருந்து விஷயம் பெரிதாக மாறவில்லை: கல், டிரம், பெல்ட், மோட்டார். அறுந்துபோவது பெல்ட்தான். அதன் முதுகில் ஏ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் அச்சாகியிருக்கும். எழுத்து அகலத்தைச் சொல்கிறது, எண் நீளத்தை அங்குலத்தில் சொல்கிறது. அறுந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு எந்த ஹார்டுவேர் கடைக்குப் போனாலும் வேறொன்று கிடைக்கும். பிராண்டே தேவையில்லை. மிக்சியின் பிரஷும் கப்ளரும் அப்படித்தான், மின்சாமான் கடைகள் நிறைந்த லோஹார் சால் சந்துகளில் மாதிரியைக் காட்டி வாங்கலாம்.

சோர் பஜார் விஷயத்துக்கு வருவோம். மட்டன் ஸ்ட்ரீட் கடைகள் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஆனால் அன்று விடியற்காலையில் தெருவில் பரப்பிவைத்து ஒரு சந்தை நடக்கும். நல்ல சரக்கு வெளிச்சம் வருவதற்குள் கைமாறிவிடும். கையால் சுற்றும் காபி மிஷின், இரும்புத் தராசு, பார்சி வீடுகளிலிருந்து வரும் ஐஸ்கிரீம் வாளி, பித்தளை அடுக்கு, பம்ப் ஸ்டவ் என்று கண் கொள்ளாது. இந்த ரகங்களுக்கு இதைவிட நல்ல இடம் மும்பையில் இல்லை. காபி மிஷினைக் கையிலெடுத்துச் சுற்றிப் பார்த்தாலே பல் தேய்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்கு வரலாறு வேண்டாம்.

மோட்டார் சாமானுக்கு அதே இடம் ஆபத்து. "சாலு ஹை" (ஓடுகிறது) என்று சொல்லிக் கடைக்காரர் சுவிட்சைத் தட்டுவார், விர்ரென்று சுற்றும், ஐந்து நொடியில் நிறுத்திவிடுவார். வெறும் ஜாடி யாருக்கு வேண்டும்? பாரம் ஏறினால்தான் மோட்டாரின் லட்சணம் தெரியும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அங்கே விலை அழகுக்குத்தான். ரெஸ்டாரன்ட் அலங்காரத்துக்கும் சினிமா செட்டுக்கும் வாங்குகிறவர்கள் வருவதால், ஓடாத சாமானும் பார்க்க நன்றாக இருந்தால் விலை ஏறிவிடும். சென்ற மாதம் வார்த்த பித்தளைக்கு அமிலம் பூசிப் பழசாக்குவதும் உண்டு. உண்மையில் பழகிய பாத்திரம் கைப்பிடியிலும் அடியிலும்தான் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் நகருங்கள்.

பித்தளை வாங்கினால் ஈயம் பூசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ரசமும் புளிக்குழம்பும் கைத்துப்போகும், வயிற்றுக்கும் ஆகாது. பூசவேண்டியது வெள்ளீயம். விலை குறையும் என்று காரீயம் கலப்பவர்கள் உண்டு, அது விஷம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, துணியால் ஈயத்தைத் தேய்ப்பது சில நிமிட வேலைதான்; எதிரில் நின்று செய்துகொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பாய்துனி பக்கம் தாம்பா காண்டாவில் பித்தளைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் போட்டோ நன்றாக இருக்கும். விலை, விற்பவரின் பாட்டி மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பொறுத்தது. பழைய மிக்சிக்குத் தோதான ஜாடி, மூடி தனியாகக் கிடைக்கிறதென்றால் எடுக்கலாம். முழு மெஷினைப் பார்க்காமல் வாங்க நான் தயாரில்லை.

எங்கே வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை வயர். துணி சுற்றிய வயரும் இரண்டு பின் பிளக்கும் இருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு, எர்த்தோடு கூடிய மூன்று கோர் வயர் போடச் சொல்லுங்கள். எர்த்தை உலோக உடம்போடு இணைத்தாரா என்று பாருங்கள். மழைக்காலத்தில் வாங்கியதென்றால் சுவிட்ச் போடுமுன் எலெக்ட்ரீஷியனை மெக்கர் (மின்கசிவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. பரணில் ஈரம் குடித்த காயிலில் மின்கசிவு இருக்கலாம்.

புதுசோடு வைத்துப் பார்த்தால்? பழைய கிரைண்டருக்கே என் ஓட்டு. பெரிய கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, உளுந்து பொங்கி வருகிறது. ஒரே குறை, மும்பை சமையலறையில் அது நின்றால் நாம் நிற்க இடமிருக்காது. இடமில்லாதவர்களுக்குப் புது டேபிள் டாப் போதும். மிக்சியில் அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஜாடிகள் சேர்ந்து வந்தால் பழசு, வராவிட்டால் புதுசு.

பழைய பிரஷர் குக்கரில் அடி உப்பியிருந்தாலோ மூடி சரியாக உட்காராவிட்டாலோ வேண்டாம். மற்றபடி கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புதிதாகப் போட்டால் ஓடும். பக்கவாட்டுக் கதவு திறக்கும் டோஸ்டரில் கம்பி வெறும் உடம்போடு சிவந்து நிற்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை எடுக்கவே கூடாது. பழைய ஃபிரிட்ஜ் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டுவதற்காக வாங்காதீர்கள். அதில் இருந்த ஆர்-12 வாயு ஓசோனைக் கெடுப்பதால் 2010-லிருந்து இந்தியாவில் உற்பத்தி இல்லை. கசிந்தால் நிரப்ப வழியில்லை, கரண்ட் பில்லும் எகிறும். அலமாரியாக வைத்துக்கொள்ள ஆசையென்றால், கொக்கித் தாழ்ப்பாள் போட்ட கதவாக இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளேயிருந்து திறக்காது, ஒளிந்து விளையாடும் குழந்தை மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் ஏற்றுவதற்கு முன்பே தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.